சோமோனித் தாளில் ஏறியவர்களும் ஏறாதவர்களும்

தஜிகிஸ்தானின் பணத்துக்கு சோமோனி என்று பெயர். 2000 அக்டோபர் கடைசியில் புழக்கத்துக்கு வந்தது. ஒன்று முதல் ஐந்நூறு வரை ஒன்பது மதிப்புகளில் தாள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முகம். ஒரு சோமோனியில் கவிஞர் மிர்ஸோ துர்சுன்ஸோதா, மூன்றில் ஷிரின்ஷோ ஷோதெமூர், ஐந்தில் எழுத்தாளர் சத்ரிதீன் அய்னி, பத்தில் சூஃபி ஞானி மீர் சையது அலி ஹமதானி, இருபதில் மருத்துவ மேதை இப்னு சீனா, ஐம்பதில் வரலாற்றாசிரியர் போபோஜோன் கஃபூரோவ், நூறில் சாமானி வம்சத்து இஸ்மாயில், இருநூறில் நுஸ்ரத்துல்லோ மக்சூம், ஐந்நூறில் ஆதிகவி ருதாக்கி.

இது அரசு தேர்ந்தெடுத்த பட்டியல். எந்த அரசுப் பட்டியலையும் போல இதிலும் அரசியல் உண்டு, விடுபடல் உண்டு. ஒன்பது பேரில் அய்னி, ஹமதானி, இப்னு சீனா, இஸ்மாயில் ஆகிய நால்வர் இன்றைய தஜிகிஸ்தானின் எல்லைக்கு வெளியே பிறந்தவர்கள். ஷோதெமூரும் மக்சூமும் ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள். பெண் ஒருவர்கூட இல்லை. பாடகர், திரைக் கலைஞர், விளையாட்டு வீரர் எவரும் இல்லை. தஜிக்குகளில் பேர்பெற்றவர்கள் யார் என்று கேட்டால் இந்தத் தாள்களிலிருந்து தொடங்கத்தான் வேண்டும். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். என் கணிப்பில் சுவையான பாதி வெளியே இருக்கிறது.

நால்வர் ஏன் எல்லைக்கு வெளியே பிறந்தார்கள்? ஆட்கள் முன்னால் வந்துவிட்டார்கள், எல்லை பின்னால் வந்தது. தஜிக்குகள் பேசுவது பாரசீகத்தின் ஒரு வடிவம். மத்திய ஆசியாவில் அந்த மொழி செழித்த பெருநகரங்கள் புகாராவும் சமர்கண்டும். 1924-ல் சோவியத் அரசு அப்பகுதியை இனவாரியாகக் கூறுபோட்டபோது இரண்டும் உஸ்பெக் குடியரசின் பங்குக்குப் போயின. அந்தக் குடியரசுக்குள்ளேயே தஜிக்குகளுக்கு ஒரு தன்னாட்சிப் பகுதி ஒதுக்கப்பட்டது. 1929-ல் அது தனிக் குடியரசானபோது வடக்கே ஹுஜந்த் வந்து சேர்ந்தது. மற்ற இரண்டும் திரும்பவில்லை. சந்தை கூடும் சிற்றூராக இருந்த துஷான்பே தலைநகரானது. மலைகள் கைக்கு வந்தன, நகரங்கள் கைவிட்டுப் போயின. தங்கள் பெரியோரை நினைக்கும்போதெல்லாம் தஜிக்குகள் பக்கத்து நாட்டு வரைபடத்தையும் விரித்து வைத்துக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

இப்னு சீனாவையே எடுத்துக்கொள்வோம். 980 வாக்கில் புகாராவுக்கு அருகே அஃப்ஷானாவில் பிறந்து, 1037-ல் ஈரானின் ஹமதானில் இறந்தவர். ஐரோப்பிய மருத்துவக் கல்லூரிகளில் 17-ஆம் நூற்றாண்டு வரை பாடமாக இருந்த அவருடைய மருத்துவ நூல் அரபியில் எழுதப்பட்டது. துஷான்பேயின் மருத்துவப் பல்கலைக்கழகம் அவர் பெயரில்தான் இயங்குகிறது. ஈரானும் அவரைத் தன்னவர் என்கிறது, உஸ்பெகிஸ்தானும் என்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒருவரின் கடவுச்சீட்டைத் தேடும் இந்தச் சண்டையில் யாரும் ஜெயிக்கப் போவதில்லை. அவர் காலத்தில் அந்த எல்லைகள் எதுவும் கிடையாது.

ருதாக்கியின் கதை வேறு. அவரைப் பற்றி மண்ணைத் தோண்டிக் காட்டிய சாட்சி இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புகாராவின் சாமானி அரசவையில் புகழோடு இருந்தவர். பாரசீகக் கவிதையின் முதல் பெருங்கவி. பின்னாளில் அரச ஆதரவு போய் ஊர் திரும்பி 941-ல் இறந்தார். எந்த ஊர் என்பது நெடுநாள் தெளிவாக இல்லை. பழைய ஏடுகளைத் துருவிய அய்னி, பஞ்சகென்ட்டை அடுத்த மலைக் கிராமமான பஞ்ச்ருத்தான் அது என்று 1940-ல் முடிவுக்கு வந்தார். 1956-ல் சோவியத் மானிடவியலாளர் மிகயில் கெராசிமோவ் அங்கே கல்லறையைத் திறந்தார். 1941-ல் சமர்கண்டில் தைமூரின் கல்லறையைத் திறந்து மண்டையோட்டிலிருந்து முகத்தை வடித்த அதே ஆள். பஞ்ச்ருத்தில் கிடைத்தது ஒரு முதியவரின் எலும்புக்கூடு. வாயில் பல் இல்லை. முதுமையில் பல் கொட்டிப்போனதைப் பற்றி ருதாக்கி பாடிய கவிதை பாரசீகம் படித்தவர்கள் எல்லோரும் அறிந்தது. கண்குழி எலும்பைப் பார்த்த கெராசிமோவ், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கண்கள் பறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றார். பிறவிக் குருடர் என்று மரபு சொல்லிவந்ததற்கு எதிரான முடிவு அது. மண்டையோட்டின் மேல் அவர் வடித்த முகமே பிறகு ருதாக்கியின் முகமாக நிலைத்தது. இது ருதாக்கிதானா என்று சந்தேகப்படுகிறவர்கள் இருக்கலாம். ஆனால் ஒரு தேசம் தன் ஆதிகவிக்குத் தடயவியல் வழியில் முகம் தேடிக்கொண்டது வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காத செய்தி.

தாளில் ஏறாத பழையவர்களும் நிறையப் பேர். கபாதியானில் 1004-ல் பிறந்த நாசிர் குஸ்ரோ, மக்காவும் எகிப்தும் போய்வந்து எழுதிய பயண நூல் இன்றும் படிக்கப்படுகிறது. அவர் பிறந்த மண் இன்றைய தஜிகிஸ்தானுக்குள்தான் இருக்கிறது. ஹுஜந்தின் வானியலாளர் அபூ மஹ்மூத் 994-ல் ஈரானின் ரய் நகரில் ஒரு ராட்சதக் கோணமானியைக் கட்டி சூரியனை அளந்தார். ஜலாலுத்தீன் ரூமி பிறந்தது பல்க் அல்ல, தஜிகிஸ்தானின் வக்ஷ் பள்ளத்தாக்கு என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. பத்து சோமோனியின் ஹமதானி நமக்குக் கொஞ்சம் பக்கத்து ஆள். ஈரானில் பிறந்து காஷ்மீரில் இஸ்லாம் வேரூன்றக் காரணமானவர். ஸ்ரீநகரின் கான்காஹ்-இ-மௌலா அவர் நினைவில் எழுந்தது. அடக்கமானது தஜிகிஸ்தானின் கூலாப் நகரில்.

இனி அய்னி. தஜிக் என்ற அடையாளத்துக்கு நவீன காலத்தில் ஒரு தனி மனிதர் காரணம் என்றால் அவர்தான். 1878-ல் புகாரா அமீரகத்தின் சோக்தாரே கிராமத்தில் பிறந்தார். சிறுவயதில் தாயும் தந்தையும் கொள்ளைநோயில் போனார்கள். புகாராவின் மதரசாக்களில் பிறர் வீட்டு வேலை செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டே படித்தார். புதுமுறைக் கல்வி கேட்ட ஜதீது சீர்திருத்தக்காரர்களோடு சேர்ந்து பள்ளி தொடங்கினார், பாடநூல் எழுதினார். 1917-ல் அமீரின் ஆட்கள் அவரைப் பிடித்து 75 கசையடி கொடுத்துச் சிறையில் போட்டார்கள். ரஷ்யப் புரட்சிச் சிப்பாய்கள் மீட்டு, பக்கத்து ரயில் நகரமான ககானில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அப்போது எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. சட்டையில்லாத முதுகு முழுக்கக் காயம். தஜிக் இலக்கிய வரலாற்று நூல்களில் தவறாமல் இடம்பெறும் படம் அது. மறு ஆண்டு அவருடைய தம்பியை அமீர் கொன்றுவிட்டார். அய்னி சமர்கண்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த சண்டை எழுத்தில் நடந்தது. 1920களில் மத்திய ஆசியாவில் தஜிக் என்று தனி இனமே இல்லை, துருக்கியர்தான் பாரசீக மொழி பேசுகிறார்கள் என்ற வாதம் பலமாக இருந்தது. புகாராவிலும் சமர்கண்டிலும் பாரசீகம் பேசியவர்கள் ஆயிரக்கணக்கில் உஸ்பெக் என்று பதிவானார்கள். அய்னி பதில் அறிக்கை எழுதவில்லை. ஒரு தொகைநூல் தயாரித்தார். 'தஜிக் இலக்கிய மாதிரிகள்' என்ற பொருளில் பெயர் சூட்டி, ருதாக்கியிலிருந்து தன் காலம் வரை ஆயிரம் ஆண்டுக் கவிஞர்களை அடுக்கினார். 1926-ல் மாஸ்கோவில் அச்சானது. இத்தனை பேர் இந்த மண்ணில் இந்த மொழியில் எழுதியிருக்கிறார்கள் என்பதே வாதம். அமீர்களைப் பாடிய பழங்கவிதைகளைச் சேர்த்ததற்காக அந்த நூல் பிறகு சோவியத் அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளாகிப் புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. அமீரிடம் அடிவாங்கியவரை அமீர் புகழ் பாடுகிறார் என்று குற்றம் சாட்டிய கூத்தை என்னவென்று சொல்வது!

அவருடைய நாவல்களில் 'அடிமைகள்' பெரியது, சற்றுக் கனமானது. எனக்குப் பிடித்தது 'வட்டிக்காரனின் மரணம்'. புகாராவின் கஞ்சன் காரி இஷ்கம்பா பிறர் வீட்டில் ஓசிச் சாப்பாட்டுக்கு வழிதேடி அலைவதும், புரட்சி வந்து வங்கியில் போட்ட பணம் போய்விட்டது என்று கேட்டதும் உயிரை விடுவதும்தான் கதை. வட்டிக்காரன் செத்ததற்கு வாசகர் அழ மாட்டார். ஆனால் அவனை மறக்கவும் மாட்டார். 1951-ல் தஜிக் அறிவியல் அகாதமி தொடங்கியபோது அய்னி அதன் முதல் தலைவர். 1954-ல் துஷான்பேயில் இறந்தார்.

அய்னி கவிதையால் செய்ததை கஃபூரோவ் வரலாற்றால் செய்தார். ஹுஜந்துக்கு அருகே பிறந்த அவர் 1946 முதல் 1956 வரை தஜிக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளர். அதன்பின் சாகும்வரை, 1977 வரை, மாஸ்கோவின் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநர். கட்சிப் பதவியை விட்டு ஆய்வுக்குப் போனவர்கள் சோவியத் வரலாற்றில் அபூர்வம். போய் உருப்படியாக எழுதியவர்கள் அதைவிட அபூர்வம். 1972-ல் ரஷ்ய மொழியில் வந்த 'தஜிக்குகள்' அவருடைய பெருநூல். அண்மையில் தஜிக் அரசு அதை அச்சிட்டு வீட்டுக்கு ஒரு பிரதி இலவசமாகக் கொடுத்தது. ஒரு வரலாற்று நூல் ரேஷன் பொருளைப் போல வீடுவீடாகப் போனது நல்லதா என்பது விவாதத்துக்குரியது. வரலாறு அரசின் கையில் வேதமாகிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

1929-ல் தனிக் குடியரசு கிடைக்க உழைத்த மக்சூமும் பாமீர் மலையிலிருந்து வந்த ஷோதெமூரும் 1937-ல் மாஸ்கோவில் கொல்லப்பட்டார்கள். குற்றச்சாட்டு தேசியவாதம். நாட்டைக் கேட்டு வாங்கியதே பின்னாளில் குற்றமாயிற்று.

துர்சுன்ஸோதாவைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வழி எளிது: அவர் இந்தியாவைப் பாடியவர். 1947 மார்ச்சில் நேரு டில்லியில் கூட்டிய ஆசிய உறவுகள் மாநாட்டுக்கு வந்தார். திரும்பிப்போய் எழுதிய இந்தியக் கவிதை வரிசைக்கு 1948-ல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. கவிதையாக அவை இன்று எவ்வளவு தாங்கும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பேச்சுமேடைத் தொனி தூக்கலாக இருக்கிறது. ஆனால் இந்தியாவோடு தஜிக்குகளுக்குள்ள உறவு அவரோடு தொடங்கியதல்ல. பாட்னாவில் 1644-ல் பிறந்து டில்லியில் மறைந்த பாரசீகக் கவிஞர் பேதில், இந்தியாவில் அறிஞர் வட்டத்துக்கு வெளியே மறக்கப்பட்டவர். புகாராவிலும் துஷான்பேயிலும் அவரைப் பாடாத இசைக்கூட்டம் இல்லை. அய்னி அவரைப் பற்றித் தனி நூலே எழுதினார். காமகந்தலா, மாதவாநலன் காதல்கதையை பேதில் பாரசீகத்தில் பாட, சமர்கண்டில் பிறந்த இசையமைப்பாளர் ஸியாதுல்லோ ஷஹிதி அதை 'கோம்தே, மதான்' என்ற தஜிக் ஆப்பரா ஆக்கினார். நம் பக்கத்து நாட்டியக்காரியின் கதை பாட்னா வழியாக துஷான்பேயின் ஆப்பரா மேடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இசை என்று வந்ததும் பணத்தாளின் போதாமை துலங்குகிறது. புகாராவின் ஆறு பண் தொகுதிகளால் ஆன செவ்விசை மரபான ஷஷ்மகோமை தஜிகிஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் பொதுச் சொத்தாக யுனெஸ்கோ ஏற்றிருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டில் அதைத் தாங்கிப் பிடித்தவர்களில் முதன்மையானவர்கள் இரண்டு பெண்கள், இருவருமே புகாரா யூதர்கள்: ஷோயிஸ்தா முல்லோஜோனோவா, பர்னோ இட்ஸ்ஹாகோவா. வானொலியில் அவர்கள் குரல் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. சோவியத் ஒன்றியம் உடைந்த 1991-ல் முல்லோஜோனோவா நியூயார்க்கின் குவீன்ஸுக்கும் இட்ஸ்ஹாகோவா இஸ்ரேலுக்கும் குடிபெயர்ந்தார்கள்; அங்கேயே காலமானார்கள். இனப்படி அவர்கள் தஜிக்குகள் இல்லை என்று எவரேனும் சொன்னால், தஜிக் இசையிலிருந்து அவர்களைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

நடனத்தில் மலிகா சோபிரோவா. துஷான்பேயில் 1942-ல் பிறந்து லெனின்கிராதில் பாலே பயின்று, பெரும் நர்த்தகி கலீனா உலானோவாவிடம் பயிற்சி பெற்றவர். 1974-ல் சோவியத் ஒன்றியத்தின் மக்கள் கலைஞர் பட்டம். 39 வயதில் இறந்துபோனார். கவிதையில் குல்ருக்சோர் சஃபியேவா. 1989-ல் சோவியத் மக்கள் பிரதிநிதிகள் அவைக்கும் தேர்வானவர். அவர் காலத்து ஆண் கவிஞர்களில் லோயிக் ஷெரலி பெரும் புகழ் பெற்றார், பஞ்சகென்ட் மலைக்காரர். ஒன்பது தாளுக்கு ஒன்பது ஆண்களைத் தேடிப் பிடித்தவர்களுக்கு சோபிரோவாவின் பெயர் நினைவுக்கு வராமல் போனதற்கு மன்னிப்பே கிடையாது.

திரைப்படத்திலும் இதே கலப்புதான். பாரசீகக் காவியமான ஷாநாமாவின் ருஸ்தம், சுஹ்ராப், சியாவுஷ் கதைகளை 1970களில் வண்ணப் படங்களாக்கியவர் போரிஸ் கிம்யாகரோவ், சமர்கண்டில் பிறந்த புகாரா யூதர். அடுத்த தலைமுறையில் பக்தியார் குதோய்நசரோவ். அவருடைய 'கோஷ் பா கோஷ்' 1993-ல் வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் வென்றது. துஷான்பேயில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே அங்கே எடுத்த படம். கதை போரைப் பற்றியதல்ல. சூதாட்டத்தில் தோற்கும் ஒரு தகப்பன், அவருடைய மகள், நகருக்கு மேலே கம்பிவடத் தொட்டியை ஓட்டும் ஒரு வாலிபன். காதல் மேலே அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்க, கீழே தெருவில் துப்பாக்கிச் சத்தம். போரைக் காட்டாமலே போரைச் சொன்ன படங்களில் இதற்கு உயர்ந்த இடம் கொடுப்பேன். 1999-ல் வந்த 'லூனா பாப்பா'வுக்கு இசை பாடகர் தாலேர் நசரோவ். குதோய்நசரோவ் 2015-ல் பெர்லினில், ஐம்பது வயதை எட்டும் முன்பே இறந்தார்.

அந்தப் போர் 1992 முதல் 1997 வரை நடந்தது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். பேர்பெற்றவர்களைப் பட்டியலிடும் கட்டுரையில் அதற்கு இடம் என்ன என்றால், அது குறிவைத்துக் கொன்றவர்களில் பலர் இந்தப் பட்டியலுக்கு உரியவர்கள். பிபிசி பாரசீகச் சேவையின் செய்தியாளர் முஹியித்தீன் ஆலிம்பூர் 1995 டிசம்பரில் கொல்லப்பட்டார். தத்துவ அறிஞர் முஹம்மத் ஓசிமி 1965 முதல் இருபது ஆண்டுக்கு மேல் அறிவியல் அகாதமியின் தலைவராக இருந்தவர். குஷானர் வரலாறு பற்றி 1968-ல் துஷான்பேயில் உலக மாநாடு கூடியது அந்தக் காலத்தில்தான். 1996 ஜூலையில் துஷான்பேயில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பாஸ்வர்த்துடன் சேர்ந்து பதிப்பித்த யுனெஸ்கோவின் மத்திய ஆசிய நாகரிக வரலாற்றுத் தொகுதி இரண்டாண்டு கழித்து, 1998-ல் வெளிவந்தது. கவிஞர் போசோர் சோபிர் 1993-ல் சிறைப்பட்டு, பிறகு அமெரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்தார். 1991 அதிபர் தேர்தலில் நின்று தோற்ற திரைக்கலைஞர் தவ்லத் குதோனசரோவும் நாட்டைவிட்டு வெளியேறினார்.

விளையாட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பெண்கள் இங்கேயும் முன்னால் நிற்கிறார்கள். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் வில்வித்தையில் வெண்கலம் வென்றவர் ஸெபுனிசோ ருஸ்தமோவா. சுதந்திர நாட்டின் முதல் பதக்கம் 2008 பெய்ஜிங்கில் ஜூடோ வீரர் ரசூல் போகியேவின் வெண்கலம். பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக இடம்பெற்ற 2012 லண்டனில் மவ்சுனா சொரியேவாவுக்கு வெண்கலம். 2016 ரியோவில் தில்ஷோத் நசரோவ் சம்மட்டி எறிதலில் 78.68 மீட்டர் எறிந்து நாட்டுக்கு முதல் தங்கம் கொண்டுவந்தார். பின்னாளில் 2011-ஆம் ஆண்டு மாதிரியை மறுசோதனை செய்து ஊக்கமருந்துக்காக அவரைத் தடை செய்தார்கள். ரியோ தங்கம் மட்டும் அவரிடமே இருக்கிறது. 2024-ல் முதன்முதலாக ஆடிய ஆசியக் கோப்பையிலேயே தஜிக் கால்பந்து அணி காலிறுதி வரை போனது. 2008-ல் டில்லியில் இந்தியா அவர்களை 4-1 என்று வென்று ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பையை எடுத்ததை நினைத்துப் பார்த்தால், இடையில் யார் எங்கே போனார்கள் என்று நமக்கே கேட்கத் தோன்றும்.

தஜிகிஸ்தானுக்கு வெளியே உள்ள தஜிக்குகளைச் சொல்லாமல் விட முடியாது. ஆப்கானிஸ்தானில் அவர்கள் இரண்டாவது பெரிய இனம். பஞ்ச்ஷிரின் அஹமத் ஷா மசூதும் முன்னாள் அதிபர் புர்ஹானுத்தீன் ரப்பானியும் தஜிக்குகள். தஜிகிஸ்தானின் அதிபரும் எதிரணித் தலைவரும் 1996 டிசம்பரில் சந்தித்துப் பேச ஆப்கன் மண்ணில் இடம் கொடுத்தவர்கள் இவர்கள். மறு ஆண்டு ஜூனில் சமாதானம் கையெழுத்தானது. இருவருக்கும் 2021-ல் தஜிகிஸ்தான் இறப்புக்குப் பிந்தைய விருது அளித்தது. வேறு பக்கம், ரஷ்யாவுக்குக் கூலிவேலைக்குப் போன தஜிக்குகள் அனுப்பும் பணம் சில ஆண்டுகளில் நாட்டின் மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருக்கிறது. அந்த ரஷ்யாவின் சார்பில் 2021 யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்குப் போனவர் மனிஷா. துஷான்பேயில் 1991-ல் பிறந்து, போரில் குடும்பத்தோடு அகதியாக மாஸ்கோ போனவர். ஒன்பதாம் இடம் பெற்றார். போட்டிக்கு முன்பே வந்தேறி என்று வசை வாங்கினார். உக்ரைன் போரை எதிர்த்தபின் ரஷ்யாவில் அவருடைய கச்சேரிகள் ரத்தாயின.

சொந்த நாட்டில் இன்று பேர்பெறுவது சுலபம், பேசுவது கடினம். 1992 முதல் ஆட்சியில் இருக்கும் எமோமலி ரஹ்மானுக்குச் சட்டப்படி 'தேசத் தலைவர்' பட்டம். எதிர்க்கட்சியினருக்காக வாதாட முன்வந்த வழக்கறிஞர் புஸுர்க்மெஹர் யோரோவை 2015-ல் கைது செய்து, மறு ஆண்டு 23 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். 75 கசையடி வாங்கியவரின் படத்தைத் தாளில் அச்சடிக்கும் அரசுக்கு இது அழகல்ல.

தமிழ் வாசகர்களுக்கு மத்திய ஆசியா பெரும்பாலும் சிங்கிஸ் ஐத்மாத்தவின் கிர்கிஸ் புல்வெளிதான். 'ஜமீலா'வைப் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர். அய்னியைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவருடைய நினைவுக்குறிப்புகளின் பால்யப் பகுதி 'ஆக்ஸஸின் மணல்' என்ற பெயரில் 1998-ல் ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. கிராமத்துக் கால்வாய், மணல் மூடும் வயல், ஊர்ப் பள்ளிக்கூடம் என்று நமக்கு அந்நியமாகத் தோன்றாத உலகம் அது. மொழிபெயர்ப்பாளர்களில் யாராவது அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பதிப்பகம் துணிந்து போட வேண்டும்.